'புட் ஆஃப்' என்ற இரண்டு சொற்கள்

(நம் கல்லூரி முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போனில் கூப்பிட்டு, "பசங்களுக்குப் பயன்படற மாதிரி ஏதாவது இருபது நிமிஷம் பேசுங்க" என்றார். நான் மின்பொறியியல் படித்தவன். டிரான்ஸ்ஃபார்மரைப் பற்றியோ, சூரிய மின்சாரத்தைப் பற்றியோ பேசுவேன் என்று அவர் எதிர்பார்த்திருக்கலாம். நான் எடுத்துக்கொண்டிருக்கும் தலைப்பு ஆங்கிலத்தில் இரண்டே இரண்டு சின்னச் சொற்கள்: 'புட் ஆஃப்'.

சிரிக்கிறீர்கள். ஆறாம் வகுப்புப் பாடம் மாதிரி இருக்கிறதே என்று நினைக்கலாம். ஆனால் அந்த இரண்டு சொற்களைத் தப்பாகப் புரிந்துகொண்டதால், ஒரு குடும்பத்தின் தகப்பனை நான் சாகடித்திருப்பேன். தப்பியது என் திறமையால் அல்ல. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன். கூடவே கொஞ்சம் இலக்கணமும் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவன். 'புட் ஆஃப்' என்பதை நான் முதலில் கேட்டது இங்கே, நம் விடுதியில்தான். இரவு பதினொரு மணிக்கு வராந்தாவில் வார்டன் குரல் கேட்கும்: "புட் ஆஃப் த லைட்ஸ்!" அடுத்த நிமிஷம் வரிசையாக அறைகள் இருட்டாகும். நாலு வருஷம் தினமும் கேட்ட வாக்கியம். ஆகவே 'புட் ஆஃப்' என்றால் அணை, நிறுத்து என்று மனதில் ஆணி அடித்த மாதிரி பதிந்துவிட்டது. நமக்கு அது இயல்பாகவும் இருந்தது. தமிழில் 'லைட்டைப் போடு' என்கிறோம். போடு என்றால் 'புட்'. 'புட் ஆன்' என்றால் போடு, 'புட் ஆஃப்' என்றால் அணை. கணக்குச் சரியாகப் போச்சு!

அதற்கு இன்னொரு பொருளும் உண்டு, ஒத்திப்போடுவது என்று. அது நம் காதில் விழவே இல்லை. தேர்வு தள்ளிப்போனால் அறிவிப்புப் பலகையில் 'போஸ்ட்போன்ட்' என்றுதான் எழுதுவார்கள். அந்தச் சொல்லைக் கண்டாலே விசில் பறக்கும். 'புட் ஆஃப்' என்று எழுதியதை நான் பார்த்ததில்லை.

படிப்பு முடிந்து மூன்றாவது வருஷம், வளைகுடா நாடு ஒன்றில் ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் வேலை. இரவு ஷிஃப்டில் ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர். பகல் ஷிஃப்டில் நான். அவர் போகும்போது லாக் புக்கில் எழுதி வைத்துவிட்டுப் போவார். நான் வந்து படித்து வேலையைத் தொடங்குவேன்.

ஒரு நாள் காலை. பம்ப் ஹவுஸுக்குப் போகும் நான்காம் எண் ஃபீடரில் வேலை இருந்தது. அந்தக் கேபிள் வந்து சேரும் பேனலில் இணைப்புகள் சூடாகின்றன. கழற்றிச் சுத்தம் செய்து மறுபடி முறுக்க வேண்டும். 415 வோல்ட், மூன்று ஃபேஸ். காலை பத்து மணிக்கு மின்சாரத்தைத் துண்டித்து வேலை தொடங்குவதாகத் திட்டம். லாக் புக்கைத் திறந்தேன். அவர் கையெழுத்தில் ஒரு வரி: "ஃபீடர் ஃபோர் புட் ஆஃப் டில் டூ பி.எம்."

நான் படித்தது: நான்காம் ஃபீடரை அணைத்தாயிற்று, மத்தியானம் இரண்டு மணி வரை சப்ளை வராது. பரவாயில்லையே, மனுஷன் நமக்கு முன்னாலேயே அணைத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாரே என்று சந்தோஷப்பட்டேன்.

அவர் எழுதியது: நான்காம் ஃபீடர் வேலை மத்தியானம் இரண்டு மணிக்கு ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது. பம்ப் ஓடியாக வேண்டிய அவசரம் இரவில் வந்திருக்கிறது. அதாவது, சப்ளை இருக்கிறது.

ஒரே வரி. இரண்டு பேருக்கு நேர் எதிரான இரண்டு செய்தி.

பெர்மிட் தாளில் 'மின்சாரம் துண்டிக்கப்பட்டது' என்ற கட்டத்தில் நானே டிக் அடித்துக் கையெழுத்தும் போட்டேன். பிரேக்கர் அறைக்குப் போய், பூட்டுப் போட்டிருக்கிறதா என்று கண்ணால் பார்க்க ஐந்து நிமிஷம்கூட ஆகாது. போகவில்லை. அது முழுக்க முழுக்க என் தவறு. அதற்கு எந்த ஆங்கிலத்தையும் நான் குறை சொல்ல முடியாது.

என்னோடு வேலைக்கு வந்தவர் நம் தென் மாவட்டத்துக்காரர். என்னைவிட இருபது வயது மூத்த எலக்ட்ரீஷியன். என்னை எப்போதும் 'சார்' என்றுதான் கூப்பிடுவார். "ஃபீடர் ஆஃப்ல இருக்கு அண்ணே, இரண்டு மணி வரைக்கும் நேரம் இருக்கு, ஆரம்பிங்க" என்றேன். அவர் பேனல் கதவைத் திறந்தார். ஸ்பேனரை எடுக்கவில்லை, டெஸ்டரை எடுத்தார். பக்கத்தில் சப்ளை இருக்கும் இன்னொரு பேனலில் வைத்து, டெஸ்டர் வேலை செய்கிறதா என்று முதலில் பார்த்தார். பிறகு இங்கே வைத்தார். மூன்று ஃபேஸிலும் காட்டியது.

அவர் மெதுவாகக் கதவை மூடினார். திரும்பி என்னைப் பார்த்தார். "தம்பி, லைன் உயிரோட இருக்கு."

அன்றைக்கு ஒரு நாள்தான் அவர் என்னைத் தம்பி என்று கூப்பிட்டார். அதில் கோபமும் இருந்தது, கைநடுக்கமும் இருந்தது. அவருக்கு ஊரில் இரண்டு பெண் பிள்ளைகள். அன்று மத்தியானம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மாலையில் ஸ்காட்லாந்துக்காரர் வந்ததும் லாக் புக்கைத் திறந்து காட்டினேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. பிறகு ஒன்று சொன்னார். அவருடைய ஊரிலும் விளக்கை அணைக்க 'புட் த லைட் ஆஃப்' என்றுதான் சொல்வார்களாம்! "எனக்கே இரண்டு அர்த்தமும் தெரியும். ஆனால் எழுதும்போது ஒன்றுதான் மனதில் இருந்தது" என்றார். எனக்கோ, இருந்ததே ஒன்றுதான்.

நண்பர்களே, அதற்குப் பிறகுதான் நான் இந்தச் சொற்களை ஒழுங்காக உட்கார்ந்து படித்தேன். இப்போது கொஞ்சம் இலக்கணம்.

இப்படி ஒரு வினையும் 'ஆன்', 'ஆஃப்', 'அப்', 'அவுட்' போன்ற ஒரு சின்னச் சொல்லும் சேர்ந்து புதுப் பொருள் தருவதை ஆங்கிலத்தில் 'ஃப்ரேசல் வெர்ப்' என்கிறார்கள். அகராதி தொகுத்த சாமுவேல் ஜான்சன், 1755-இல் தம் அகராதியின் முன்னுரையிலேயே, வெளிநாட்டார்க்கு மிகவும் தொல்லை தருவது இதுதான் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆகவே இது நம் ஊர்ப் பையன்களுக்கு மட்டும் உள்ள கஷ்டம் இல்லை. 'ஃப்ரேசல் வெர்ப்' என்ற பெயர் பரவியதோ, லோகன் பியர்சால் ஸ்மித் 1925-இல் எழுதிய ஒரு புத்தகத்துக்குப் பிறகுதான். ஆங்கிலேயர்களே பெயர் வைக்காமல் நெடுங்காலம் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

'புட் ஆஃப்' வாக்கியத்தில் எப்படியெல்லாம் வருகிறது என்று பார்ப்போம். ஒரு சுலபமான வழி: அதனோடு சேர்ந்து நிற்கும் பெயர் எது என்று பாருங்கள். அது ஒரு வேலையா, ஒரு கருவியா, ஓர் ஆளா?

வேலையோ நிகழ்ச்சியோ என்றால், ஒத்திப்போடுவது. "தே புட் ஆஃப் த மேட்ச்" என்றாலும் சரி, "தே புட் த மேட்ச் ஆஃப்" என்றாலும் சரி. ஆனால் 'மேட்ச்' இருந்த இடத்தில் 'இட்' வந்துவிட்டால் நடுவில்தான் உட்கார வேண்டும்: "தே புட் இட் ஆஃப்." 'புட் ஆஃப் இட்' என்பது தவறு. பின்னால் இன்னொரு வினை வந்தால் 'இங்' சேர வேண்டும்: "ஐ புட் ஆஃப் கோயிங் டு த டென்டிஸ்ட்." இங்கே 'டு கோ' வராது. நேர்காணலில் நம் பிள்ளைகள் தடுக்கி விழுகிற இடங்கள் இவை இரண்டும்.

இதோடு 'கால் ஆஃப்' என்பதையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். மேட்சைப் 'புட் ஆஃப்' செய்தால் இன்னொரு நாள் நடக்கும். 'கால் ஆஃப்' செய்தால் நடக்காது. டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்கலாம்.

விளக்கு, மின்விசிறி மாதிரிக் கருவி என்றால், அணைப்பது. நம் வார்டன் சொன்னது தவறான ஆங்கிலம் இல்லை. பிரிட்டனிலும் வழங்குவதுதான். ஆனால் அமெரிக்கர்கள் பெரும்பாலும் 'டர்ன் ஆஃப்' என்பார்கள். 'ஸ்விட்ச் ஆஃப்' என்றால் எல்லா ஊருக்கும் புரியும்.

ஆள் என்றால்தான் விளையாட்டு அதிகம். "த ஸ்மெல் புட் மீ ஆஃப்": அந்த வாடையில் எனக்கு விருப்பமே போய்விட்டது. இதிலிருந்துதான் 'ஆஃப்-புட்டிங்' என்ற சொல் வந்தது. நீங்கள் எழுதிய கடிதத்தை ஒருவர் அப்படிச் சொன்னால் பாராட்டு என்று நினைத்துவிடாதீர்கள். முகத்தில் அடித்த மாதிரி இருந்தது என்று அர்த்தம். கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பவர் "டோன்ட் புட் மீ ஆஃப்" என்றால், பேசிப் பேசி என் கவனத்தைக் கலைக்காதே என்பது. கடன் வாங்கியவர் நாளை வா, நாளை மறுநாள் வா என்று இழுத்தடித்தால், "ஹி கெப்ட் புட்டிங் மீ ஆஃப்." பேருந்து நடத்துநர் டிக்கெட் இல்லாதவரை வழியில் இறக்கிவிட்டாலும் அதே 'புட் ஆஃப்'தான்.

இப்போது அந்த லாக் புக் வரிக்குத் திரும்பி வாருங்கள். என் கண்ணுக்கு 'ஃபீடர் ஃபோர்' ஒரு கருவி. ஆனால் அந்தப் பக்கத்தின் தலைப்பு 'இன்றைய வேலைகள்'. அங்கே 'ஃபீடர் ஃபோர்' என்பது ஒரு வேலையின் பெயர். வேலையை ஒத்திப்போடலாம், அணைக்க முடியாது. தலைப்பைச் சேர்த்துப் படித்திருந்தால் தெரிந்திருக்கும்.

"இதென்னடா ஒரே சொல்லுக்கு இத்தனை அர்த்தம், இந்த வெள்ளைக்காரன் மொழியே இப்படித்தான்" என்று சலித்துக்கொள்ளாதீர்கள். நம் மொழியைக் கொஞ்சம் பாருங்கள். 'தள்ளு' தெரியும், 'போடு' தெரியும். 'தள்ளிப்போடு' என்றால்? எதையும் தள்ளவும் இல்லை, கீழே போடவும் இல்லை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் அதன் பொருள். அச்சாக 'புட் ஆஃப்'! 'போட்டுக்கொடுத்தான்' என்றால் காட்டிக்கொடுத்தான். 'போட்டு வாங்கினான்' என்றால் பேச்சுக் கொடுத்து உண்மையைக் கறந்துவிட்டான். தமிழ் கற்க வரும் வெளிநாட்டுக்காரர் ஒருவர், 'போடு', 'வாங்கு' இரண்டுக்கும் அகராதியில் பொருள் பார்த்துவிட்டு 'போட்டு வாங்கினான்' என்பதைப் படித்தால் என்ன பாடு படுவார்! சொற்கள் சேர்ந்து மூன்றாவது பொருளைப் பிறப்பிக்கும் வித்தை நமக்குப் புதிதல்ல. ஆகவே இதைக் கற்க நம்மால் முடியும், பயம் வேண்டாம்.

பயம் வேண்டாம், ஆனால் எச்சரிக்கை வேண்டும். ஏன் என்பதற்கு என் கதையைவிடப் பெரிய கதை ஒன்று இருக்கிறது.

1977 மார்ச் 27. ஸ்பெயினுக்குச் சொந்தமான கேனரி தீவுகளில் டெனரீஃப் என்ற தீவு. அங்குள்ள விமான நிலையத்தில் கடும் மூடுபனி. கே.எல்.எம். விமானம் ஒன்றும் பான் ஆம் விமானம் ஒன்றும், இரண்டுமே போயிங் 747, ஒரே ஓடுபாதையில் இருந்தன. கே.எல்.எம். விமானம், கிளம்ப அனுமதி கிடைக்கும் முன்பே ஓடத் தொடங்கிவிட்டது. அதன் துணை விமானி ரேடியோவில் சொன்னது: "வீ ஆர் நவ் அட் டேக்-ஆஃப்." கிளம்பிக்கொண்டிருக்கிறோம் என்ற பொருளில் அது வந்தது. கட்டுப்பாட்டு அதிகாரியோ, கிளம்பும் இடத்தில் தயாராக நிற்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டார். "ஓகே" என்றார். அடுத்து அவர் 'காத்திருங்கள்' என்று சொன்னது, பான் ஆம் விமானி அதே நேரத்தில் பேசியதால் ரேடியோவில் சரியாகக் கேட்காமல் போனது. இரண்டு விமானங்களும் மோதின. 583 பேர் இறந்தார்கள். விமானப் போக்குவரத்து வரலாற்றில் ஒரே விபத்தில் இவ்வளவு பேர் இறந்தது வேறெப்போதும் இல்லை.

அந்த விபத்துக்குக் காரணம் ஒரு சொல் மட்டுமல்ல. பனி, நெரிசல், அவசரம், ரேடியோ எல்லாம் சேர்ந்தது. ஆனால் அந்தச் சொல்லைப் பற்றி மொழியியலாளர்கள் சிலர் சொல்வதைக் கேளுங்கள். டச்சு மொழியில் ஒரு வேலை நடந்துகொண்டிருக்கிறது என்று சொல்ல, 'அட்' என்பதற்கு இணையான சொல்லைப் போட்டு வினையைச் சேர்ப்பார்கள். துணை விமானி ஆங்கிலத்தில் பேசினாலும், வாக்கியத்தின் எலும்பு டச்சு மொழியாக இருந்திருக்கலாம் என்கிறார்கள். 'லைட்டைப் போடு' என்ற தமிழ் எலும்பை வைத்துக்கொண்டு நான் லாக் புக்கைப் படித்த மாதிரிதான்.

அந்த விபத்துக்குப் பிறகு விதியை மாற்றினார்கள். 'டேக்-ஆஃப்' என்ற சொல்லைக் கிளம்ப அனுமதி கொடுக்கும்போதும் அதை ரத்து செய்யும்போதும் மட்டுமே அதிகாரி சொல்வார். மற்ற நேரமெல்லாம் 'டிபார்ச்சர்' என்றுதான் பேச வேண்டும். விமானப் பராமரிப்புக் கையேடுகளுக்கென்று எளிமையாக்கிய ஆங்கிலமும் ஒன்று இருக்கிறது. அதில் ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்பது விதி. ஃப்ரேசல் வெர்ப்களைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். 'ஃபாலோ' என்றால் பின்னால் வருவது மட்டும்தான். விதியைக் கடைப்பிடிக்க 'ஒபே' என்று எழுத வேண்டும். உலகம் முழுக்கப் படிக்கப் போகும் தாளில் அழகு முக்கியமல்ல, ஒரே பொருள் முக்கியம்.

தம்பி தங்கைகளே, நீங்கள் நாளைக்கு எந்த ஊரில் வேலை பார்த்தாலும் ஆங்கிலம் உங்கள் மேசைக்கு வரும். அந்த ஒரு நாளில் நான் கற்றதை மூன்று பழக்கமாகச் சொல்கிறேன்.

முதலாவது, எழுதும்போது ஒற்றைச் சொல்லாக எழுதுங்கள். 'போஸ்ட்போன்ட்', 'கேன்சல்டு'. இவற்றை எப்படித் திருப்பினாலும் வேறு அர்த்தம் வராது. பேச்சிலும் கதை படிப்பதிலும் ஃப்ரேசல் வெர்ப் இனிக்கட்டும். லாக் புக்கில் வேண்டாம்.

இரண்டாவது, கேட்டதைத் திருப்பிச் சொல்லுங்கள். ஆனால் அதே சொற்களில் சொல்லாதீர்கள். இதைக் கவனியுங்கள். நான் அன்று காலையிலேயே அவருக்குப் போன் போட்டு, "ஃபீடர் ஃபோர் புட் ஆஃப் டில் டூ, கரெக்டா?" என்று கேட்டிருந்தால், "கரெக்ட்" என்றுதான் சொல்லியிருப்பார்! இரண்டு பேரும் ஒத்துப்போயிருப்போம், தப்பாக. "அப்படின்னா இப்ப லைன்ல சப்ளை இல்லைதானே?" என்று வேறு வார்த்தையில் கேட்டிருந்தால், அவர் பதறியிருப்பார். சொந்த வார்த்தையில் கேட்கிற கேள்விதான் கேள்வி.

இதற்குத் தடையாக இருப்பது கூச்சம். தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்கு அது எனக்குத் தெரிந்த கூச்சம். திரும்பக் கேட்டால் 'இவனுக்கு இங்கிலீஷ் தெரியாது' என்று நினைத்துவிடுவார்களோ என்பது. ஒன்று சொல்கிறேன்: தெரியாத சொல் நம்மை அவ்வளவாகக் கெடுக்காது, அகராதியைப் பார்ப்போம், பக்கத்தில் இருப்பவரைக் கேட்போம். தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிற சொல்தான் ஆளைக் கவிழ்க்கும். எனக்கு அன்று 'புட் ஆஃப்' தெரியாமல் இருந்திருந்தால் கேட்டிருப்பேன். தெரிந்ததால் கேட்கவில்லை.

ஆகவே ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். சொல்லை மட்டும் எழுதிப் பொருள் எழுதாதீர்கள். முழு வாக்கியமாக எழுதுங்கள். யார் சொன்னது, எதைப் பற்றிச் சொன்னது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஒரே சொல் இரண்டாவது முறை வேறு பொருளில் வந்தால், பழைய பக்கத்துக்கே போய் அதன் கீழே எழுதுங்கள். என் நோட்டில் 'புட்' என்ற சொல்லுக்கு மட்டும் ஆறு பக்கம் இருக்கிறது.

மூன்றாவது, மின்பொறியியல் மாணவர்களுக்கு: தாளில் என்ன எழுதியிருந்தாலும், யார் சொன்னாலும், தொடுவதற்கு முன் டெஸ்டர் வையுங்கள். அதற்கும் முன்னால், டெஸ்டர் வேலை செய்கிறதா என்று பாருங்கள். பிரேக்கரில் பூட்டு இருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். அந்த அண்ணன் ஆங்கிலம் படித்தவர் அல்ல. அந்த லாக் புக்கை அவர் படித்திருக்கவும் முடியாது. ஆனால் நான் படித்ததை அவர் நம்பவில்லை, டெஸ்டரை நம்பினார். அதனால்தான் இன்று அவர் ஊரில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார். நானும் நிம்மதியாக உங்கள் முன் நிற்கிறேன்.

இந்தக் கதையை வெளியில் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. வருஷக்கணக்கில் இதைப் 'புட் ஆஃப்' செய்துகொண்டே வந்தேன். எந்த அர்த்தத்தில் என்று இனி நீங்களே சொல்லிவிடுவீர்கள்.